அக்கா, உடனே புறப்பட்டு வந்து இவளைத் தடுக்கவும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்பால் சுகம். மனதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அத்தானின் இடது முழங்கால் இப்போது மாடிப்படி ஏற ஒப்புக்கொள்கிறதா என்று தெரிவிக்கவும். போன கடித உறையில் என் பெயருக்குக் கீழே ‘ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். தபால்காரர் வாசலில் நின்று அதை உரக்க வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார். நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது, தெருவில் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் நன்றி.

விஷயம் என் மகளைப் பற்றியது. உங்கள் செல்ல மருமகள் ஹெவி லைசென்ஸ் எடுத்ததை நீங்கள் அறிவீர்கள். லாரி ஓட்டப்போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் சத்தம் போடவில்லை. ஓர் ஒப்பந்தம் போட்டேன். முப்பது நாள் வேலை தேடலாம், ஒருவரும் கொடுக்காவிட்டால் என் பழைய மாணவன் நடத்தும் காகிதக் கம்பெனியில் கோப்பு அடுக்கும் வேலையில் சேர வேண்டும். நாற்காலி, மேலே மின்விசிறி, ஐந்து மணிக்கு வீடு. இந்த ஊரில் லாரிக் கம்பெனிகள் இருபதுக்கு மேல் இல்லை, பெண்ணுக்குச் சாவி கொடுக்கும் கம்பெனி ஒன்றுகூட இல்லை என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் ஒப்பந்தம் போட்டேன். அவள் உடனே கை கொடுத்தாள். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். துணை என்பது வெளியில் சொன்ன காரணம். அவள் தோற்பதைக் கூட இருந்து பார்த்துவிட்டால் பிறகு பேச்சு வளராது என்பது உள்ளே இருந்த காரணம். உங்களிடம் மறைப்பானேன்.

முதல் கம்பெனியில் வாட்ச்மேன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு டிரைவர் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். வாயைத் திறப்பதற்குள் என்னை ஒரு கோட்டில் நிறுத்தி எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னார்கள். நானும் கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கத்தில் அச்சகத்தின் முகவரி வரை படித்துவிட்டேன். மேனேஜர் மகிழ்ந்துபோய், “சாருக்குக் கண்ணு நல்லாருக்கு. பாப்பா வெளிய உக்காரட்டும்” என்றார். எனக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார், அத்தோடு கூப்பிடவே இல்லை. இரண்டாவது இடத்தில் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். அதை எங்கே போய் வாங்குவது என்று இவள் கேட்டாள். “வேற எங்கயாவது ஓட்டிட்டு வாம்மா” என்றார் அங்கிருந்தவர். “அங்கயும் இதையேதான் சார் சொல்றாங்க” என்றாள். “அப்ப சரியாத்தான் சொல்றாங்க” என்று அவர் கோப்பை மூடினார். மூன்றாவது இடத்தில் லாரியில் ஏற்றி உட்காரவே வைத்தார்கள். நல்லவேளையாக அந்த சீட் ஆறடி ஆள் ஒருவருக்காகப் பின்னால் தள்ளப்பட்டு அப்படியே துருப்பிடித்துப்போய், இவள் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் இவள் ஒரு ஸ்பானர் கேட்டு வாங்கி, பத்து நிமிடத்தில் சீட்டை முன்னுக்கு இழுத்துவிட்டாள். அவர்கள் மிகவும் நன்றி சொன்னார்கள். டிரைவர் வேலை காலி இல்லை, ஆனால் இதே மாதிரி இன்னும் நான்கு சீட் இருக்கிறது, வியாழக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்கள்.

ஒவ்வொரு கம்பெனியிலிருந்து வெளியே வந்ததும் நாங்கள் எதிர்க்கடையில் டீ குடிப்போம். அவள் தோல்விக்கு, நான் வெற்றிக்கு. ஆறாவது டீ வரை நன்றாகத்தான் இருந்தது. ஏழாவது கம்பெனியில் ஒருவர் இவள் காகிதத்தைக் கையில்கூட வாங்காமல் என்னைப் பார்த்து, “ரோட்டுல எவனாவது ஹாரன் அடிச்சாலே பயந்துருவாங்க சார்” என்றார். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எனக்குச் சாதகமாகத்தானே பேசினார். ஆனால் விளையாட்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் குரலில், இவள் எட்டு வயதில் என் சைக்கிளைத் தெரியாமல் எடுத்து சந்தைத் தெருவைத் தாண்டியவள் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது என் காதிலேயே விழுந்தது. அன்று டீ இறங்கவில்லை. “நீங்க எந்தக் கட்சிப்பா?” என்று கேட்டாள். டீக்குக் காசு கொடுக்க எழுந்தேன்.

நேற்று இருபத்தெட்டாவது நாள். பதினோராவது இடம், குளிர்சாதனப் பெட்டிகள் வந்திறங்கும் ஒரு குடோன். அங்கே சூப்பர்வைசர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டவர், எல்லோரும் அவரை அரைக்கண்ணாடி என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். அனுபவம் கேட்கவில்லை. பத்துச் சக்கர லாரி ஒன்றைக் காட்டி, அதை ரிவர்ஸில் கொண்டுபோய் சரக்கு இறக்கும் மூன்றாம் மேடையில் நிறுத்தினால் வேலை என்றார். அந்த மேடைக்கு வலப்புறம் சுவர், இடப்புறம் ஒரு கான்கிரீட் தூண். கம்பெனியில் எத்தனை நிறத்தில் லாரி உண்டோ அத்தனை நிறமும் தூணில் ஒட்டியிருந்தது. கடைசி நான்கடியில் தூண் டிரைவரின் பக்கக் கண்ணாடியிலிருந்து மறைந்துவிடுமாம், பின்னால் நின்று கிளீனர் குரல் கொடுக்க வேண்டும். கிளீனர் சாப்பிடப் போயிருந்தார். அரைக்கண்ணாடி என்னைப் பார்த்து, “சார், நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க” என்றார்.

அக்கா, அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். பொய்யாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் நின்றாலே போதும், தூண் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், திங்கட்கிழமை இவள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். நினைத்தது உண்மை. லாரி உறுமியது. அவள் ஜன்னலில் தலையை நீட்டி, “அப்பா, பின்னாடி நீங்கதானே?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

“அப்ப சரி” என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

என் சட்டைப் பையில் பள்ளிக்கூட விசில் இன்னும் இருக்கிறது. கை அதை எப்போது எடுத்தது என்று எனக்குத் தெரியாது. நீள விசில் ஒன்று என்றால் வரலாம், குட்டை விசில் இரண்டு என்றால் நிற்க வேண்டும். இவளுக்கு சைக்கிள் பழக்கியதும் அதே விசிலால்தான். நீளமாக ஊதினேன், லாரி வந்தது, ஊதிக்கொண்டே இருந்தேன், லாரி தூணை உரசும் தூரத்துக்கு வந்ததும் இரண்டு முறை வெட்டி ஊதினேன். நின்றுவிட்டது. அரைக்கண்ணாடி தன் நோட்டுப் புத்தகத்தைத் தூணுக்கும் லாரிக்கும் நடுவே செருகி எடுத்தார். அட்டைகூடக் கசங்கவில்லை. மூட்டு வலிக்காரர் போலக் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “திங்கக்கெழம ஆறு மணிக்கு வந்துரும்மா” என்றார். அதற்குள் வெளியே லாரியைக் கோணலாக நிறுத்தியிருந்த ஒரு டிரைவர், “மாஸ்டர், நமக்கும் ஒரு விசில்” என்று கேட்க, மரியாதைக்கு அவருக்கும் ஊதினேன். பிறகு வந்த மூன்று லாரிக்கும் ஊத வேண்டியதாயிற்று. அரைக்கண்ணாடி என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார். அது சின்ன விஷயம், இங்கே வேண்டாம்.

ஆக, ஒப்பந்தத்தில் நான் தோற்றேன். ஆனாலும் ஒரு தகப்பனாக என் நிலை மாறவில்லை. லாரி வேலை நம் குடும்பத்துக்குச் சரிப்படாது. வெயில், தூசி, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. இவள் அம்மாவோ புத்தி சொல்லாமல் பெரிய தூக்குச் சட்டியாக ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொன்னால்தான் இவள் கேட்பாள். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, திங்கட்கிழமைக்குள் இவளைத் தடுத்து நிறுத்தவும். நான் கடைசிவரை உறுதியாக இருந்தேன் என்பதற்கு இக்கடிதமே சாட்சி.

அத்தானுக்கும் அவர் முழங்காலுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அன்புத் தம்பி

பின்குறிப்பு: புறப்பட வேண்டாம். திங்கட்கிழமை ஆறு மணிக்கு மேல் நானும் வீட்டில் இருக்க மாட்டேன். மகளுடன் கேபினில் உட்கார்ந்து வர ஒரு கிளீனர் வேண்டும், விசில் வைத்திருப்பவராக இருந்தால் நல்லது என்பதுதான் அந்த நிபந்தனை. தூக்குச் சட்டி இரண்டு பேருக்கானது. முதல் சரக்கு உங்கள் ஊர்ப் பக்கம்தான், அத்தானை வாசலில் நிற்கச் சொல்லவும், அவர் காலை நீட்டி உட்காரக் கேபினில் இடம் இருக்கிறது. அடுத்த கடித உறையில் ‘ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்’ என்பதை எடுத்துவிட்டு ‘கிளீனர்’ என்று மட்டும் போடவும். கொட்டை எழுத்திலேயே போடலாம். தபால்காரர் படிக்கட்டும்.