கேட்டுக்கு வெளியே ஒரு வட்டம்

ஒரு கையை உறுதிமொழிக்காக நீட்டிக்கொண்டே அதே கையால் கதவையும் சாத்த முடியுமா? தத்துவம் படித்தவர்கள் முடியாது என்பார்கள். அவர்கள் குரோம்பேட்டையில் குடியிருந்ததில்லை.

உறுதிமொழிப் பிரியர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். லஞ்சம், நெகிழி, புகையிலை என்று அரசாங்கம் எதை ஒழிக்கச் சொன்னாலும் முதல் வரிசையில் நின்று, வலது கையை விறைப்பாக நீட்டி, வாசிப்பவர் வாய் திறப்பதற்குள் 'உளமார' என்று தானே ஆரம்பித்து, கை இறங்கிய சூட்டோடு காபியை நெகிழிக் கோப்பையில் வாங்கிக் குடிப்பவர். பொய்யரா? இல்லை. சொல்லும்போது நிஜமாகவே நம்புகிறார். உறுதிமொழி என்பது மற்றவர்கள் ஒழுங்காக இருப்பதற்காகத் தாம் எடுத்துக்கொள்வது என்று நினைக்கிறார். அவ்வளவுதான்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி தோத்தாத்ரி சார். ஓய்வுபெற்ற அரசு அலுவலர். இருபத்து நான்கு வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கச் செயலாளர். கொரோனாவின் முதல் கோடையில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த லிந்தோய் மணிப்பூர்க்காரி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்துச் சிலர் 'சீனா' என்றார்கள். யூனிஃபார்மைப் பார்த்துச் சிலர் 'கொரோனா' என்றார்கள். தோத்தாத்ரி இரண்டையும் சொல்லவில்லை. 'சேஃப்டி' என்றார்.

கூடுவாஞ்சேரியில் இருந்த வீட்டுக்காரர் அச்சுதனுக்குப் போன் போட்டார். அந்த நாட்களில் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் ஒரு பெண்குரல், நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் ஒதுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லும். தோத்தாத்ரி அதைத் தலையாட்டியபடி முழுக்கக் கேட்டார். "நன்னா சொல்றா" என்றார். பிறகு, "ஹலோ, அச்சுதன் சார், அந்தப் பொண்ணைக் காலி பண்ணச் சொல்லுங்கோ."

"மத்த இருபத்து மூணு வீடும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். ஒண்ணு குறைஞ்சாலும் நான் சொல்ல மாட்டேன். நாளைக்குப் போலீஸ் கேஸ்னு ஆனா?"

கடிதம் தயாரானது. அதே வாரம் நகராட்சியிலிருந்து சுற்றறிக்கையும் வந்தது: வெறுப்புக்கு எதிராகக் குடியிருப்போர் உறுதிமொழி எடுக்க வேண்டும், மருத்துவப் பணியாளர் இருந்தால் அவரையும் சேர்த்துப் போட்டோ அனுப்ப வேண்டும். தோத்தாத்ரி கார் நிறுத்துமிடத்தில் ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு வட்டங்கள் போடச் சொன்னார். லிந்தோயின் வட்டம் மட்டும் கேட்டுக்கு வெளியே.

வாட்ச்மேன் துரைராஜ் சுண்ணாம்பு வாளியோடு நின்றார். "இன்னா சார், ரோட்ல போடச் சொல்றீங்க? தண்ணி லாரி வந்தா அந்தக்கா இன்னா பண்ணும்?"

"ஓரமா நிக்கட்டும். இடைவெளி முக்கியம்பா."

"ஆறடின்னு சொன்னீங்க. இது பாஞ்சு அடி கீது."

"நர்ஸ் இல்லையா? எக்ஸ்ட்ரா மரியாதை."

டூட்டி முடிந்து வந்த லிந்தோய் வட்டத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஆயாக்களிடம் கற்ற தமிழ் அவளுடையது. "நான் இன்னாத்துக்கு சார் வெளிய?"

"போட்டோல தனியா, பளிச்னு தெரிவேம்மா."

"கேட்டுக் கம்பிதான் சார் பளிச்னு தெரியும். ஜெயில் மாதிரி கீது." கொஞ்சம் யோசித்தாள். "பாக்கறதுக்கு நீங்கதான் உள்ள கீறீங்க."

துரைராஜுக்கு இருமல் வந்தது. அந்தக் காலத்தில் இருமக் கூடாது, அடக்கிக்கொண்டார்.

கைகள் நீண்டன. மருத்துவப் பணியாளரையும் பிற மாநிலத்தவரையும் ஒதுக்க மாட்டேன், குடியிருக்கும் வீட்டைவிட்டு வெளியேற்ற மாட்டேன் என்று தோத்தாத்ரி வாசிக்க, எல்லாரையும்விட உரக்கச் சொன்னது கம்பிக்கு வெளியே இருந்த குரல். தன்னைத் தானே வெளியேற்ற மாட்டேன் என்று உறுதி கூறிய முதல் நபர் அவளாகத்தான் இருக்க வேண்டும். தோத்தாத்ரி அந்த வரியில் ஒரு கணம் நின்று, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். சட்டைப் பையில் கடிதம் இருந்தது.

அன்று மாலையே அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். காலையில் நீண்ட கைகள், கேட்காமலே பேனாவை வாங்கின. இருபத்திரண்டு கையெழுத்துகள். கடைசியாகச் செயலாளர் என்ற முத்திரை. அதற்கு மேல் அவருடைய இடம்.

அதில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

"லெட்டர் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டவர்களிடம் முதல் நாள் "பேனா எழுதலை" என்றார். மறுவாரம் "பார்க்கலாம்." மனைவி அபிதகுஜாம்பாள் கேட்டபோது செய்தித்தாளைத் திருப்பினார். முப்பது வருடம் ஆபீசில் ஒரு ஃபைலையும் தேங்கவிடாத மனிதர் இதை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். லிந்தோய் அங்கேயே இருந்தாள். உறுதிமொழி உறைத்ததா, போலீஸ் பயமா, கம்பிக்கு எந்தப் பக்கம் உள்ளே என்ற குழப்பமா? அவர் சொல்லவே இல்லை. அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள், வெளியே இருந்த வட்டத்தை அவர் அழிக்கவில்லை, மழைதான் அழித்தது.

அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டும் நல்லவர்களின் கையெழுத்துகள். பதினேழாவது, கடைசி எழுத்தை நீளமாக இழுத்து அடியில் இரண்டு புள்ளி வைத்தது, கிட்டத்தட்ட உங்களுடையது மாதிரியே இருக்கிறது.