எங்கேயும் போகாத ப்ளக்

மூடநம்பிக்கையைவிட ஆபத்தான ஒன்று உண்டு. மூடநம்பிக்கையை ஒழிக்கக் கிளம்பிய இளம் இன்ஜினியர். அந்த ஜந்து நான்தான்.

செம்பூரில் நரைத்த தலையோடு உட்கார்ந்து இன்று அவனை நினைத்துப் பார்க்கிறேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை, உலகத்துக்கே வாத்தியார் என்கிற முகக்களை. மும்பை மழையில் தகரம் வளையும், குடை வளையும், ரயில் கூட்டத்தில் முதுகெலும்பே வளையும். அவன் கழுத்து மட்டும் வளையாது. கையில் கிடைத்தால் இப்போதும் ரெண்டு அறை விடுவேன்.

கட்டுமான இயந்திரங்களுக்குள் ஓடும் மின்னணுத் தொடர்பில் கோளாறு வந்தால் கண்டுபிடிப்பது அப்போது என் வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். தாராவியில் இருந்த தங்கையா மாமாவின் மகள் பொன்மணியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்த்தாகிவிட்டது, சரியென்று சொல்ல வேண்டியவர் மாமாதான். அவருக்குச் சொத்து ஒரே ஒரு எக்ஸ்கவேட்டர். செம்பூரில் அஸ்திவாரம் தோண்டும் ஒரு சைட்டில் அதை வாடகைக்கு விட்டு, அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் யானை துதிக்கையை ஆட்டினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்தார்.

"தம்பி, மிஷின் ஓடுது, நிக்கி, ஓடுது, நிக்கி. ஸ்க்ரீன்ல என்னமோ செவப்பா எரியுது. நீங்க இந்த வேலைதான பாக்கிய? ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

(பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையை ஓட்டிப் பார்க்கிறார் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. இருந்த அறிவு அதோடு தீர்ந்துபோனது.)

நான் போனபோது சைட் மேனேஜர் குடைக்குள்ளிருந்து மாமாவிடம் உறுமிக்கொண்டிருந்தார். "ஷாம் தக் சாலு நஹி ஹுவா தோ தூஸ்ரா மஷீன் ஆயேகா!" சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் இன்னொருவரின் இயந்திரம் வந்துவிடும். வந்தால் மாமாவின் யானை மழைக்காலம் முழுக்கப் பட்டினி நிற்கும். மாமா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரைப் பார்க்கிறவர்களின் பார்வை.

அந்த இயந்திரத்துக்குள் இன்ஜினுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டு ஒயர்களில்தான் அவற்றின் பேச்செல்லாம். பேச்சு அறுந்தால் அத்தனை இரும்பும் பிணம்.

சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டரில் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. துடைத்தேன், ஊதினேன், அழுத்திச் சொருகினேன். கோளாறு அவ்வளவேதான். அப்போதே ஸ்டார்ட் செய்து பார்த்து, அரை கிளாஸ் டீயை, மும்பையின் கட்டிங் சாயைக் குடித்துவிட்டு இறங்கியிருந்தால் நான் மேதை.

ஆனால் சீட்டுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை மிளகாய்ச் சரம் தொங்கியது. மேதைக்குப் பொறுக்குமா?

"மாமா, கம்ப்யூட்டர் ஓட்டுற மிஷின்ல எலுமிச்சம்பழமா? இந்தக் குப்பை கச்சராவையெல்லாம் நம்பறதாலதான் நாம இப்படியே இருக்கோம்" என்றேன். (அந்த 'நாம'வில் நான் இல்லை என்பது குரலிலேயே தெரிந்திருக்கும்.) அறுத்துக் குழிக்குள் வீசினேன்.

"தம்பி, அத ஏன் அறுத்திய? பொன்மணி கட்டுனதுல்லா..."

நான் காதில் வாங்கவில்லை. சரம் தொங்கிய இடத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு ப்ளக் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு பக்கம் சொருகியிருந்தது. மறுபக்கம் ஒயரே இல்லை. எங்கேயும் போகாத ப்ளக். பழத்துக்கு அண்ணன்! பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாமா சாவியைத் திருப்பினார். யானை உறுமியது. துதிக்கை அசையவில்லை. திரையில் இதுவரை பார்க்காத சிவப்பெல்லாம் எரிந்தது.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு பழம் விழுந்த குழியைப் பார்த்தார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். மல்ட்டிமீட்டரை எடுத்து ஒயரில் வைத்திருந்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் மல்ட்டிமீட்டர் எலக்ட்ரீசியன் வைத்திருப்பது. வருங்கால மாமனார் முன்னால் லேப்டாப்தான் கம்பீரம். மதியம்வரை அதன் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தொண்டையைச் செருமி, "மிஷினோட மூளையே போச்சு மாமா. வெளிநாட்லேருந்து வரணும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மாமா மகளுக்குப் போன் போட்டார். "ஏ பிள்ள, கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு சரம் வாங்கிக்கிட்டு, சூடத்தையும் எடுத்துட்டு வா."

பொன்மணி ஸ்கூட்டியில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். மாமா மழை படாமல் கேபின் வாசலுக்குள் சூடத்தை ஏற்றினார். "நீங்கதான அறுத்திய? நீங்களே விழுந்து கும்பிட்டுட்டுக் கட்டுங்க தம்பி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பகுத்தறிவு சேற்றில் மண்டியிட்டது. குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து ப்ளக் உருண்டுபோய்ப் பொன்மணியின் காலடியில் நின்றது.

எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னது இது?"

"அதுவா, சும்மா. எங்கேயும் போகாத ப்ளக்."

"எங்கயும் போகாதது உங்க பைக்குள்ள எப்படிப் போச்சு?"

அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு ஒயர்களின் கோடியில் ஒரு மின்தடை நிற்க வேண்டும். ஓடிவரும் பேச்சை அங்கேயே வாங்கி அடக்கிக்கொள்வது அதன் வேலை. அது இல்லையென்றால் பேச்சு முட்டித் திரும்பி அடுத்த பேச்சின்மேல் விழும். பிறகு தாதர் பாலத்தில் மாலைக் கூட்டம்தான், எல்லாரும் கத்துவார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது. பரீட்சையில் இதைப் படம் போட்டு எழுதியவன் நான். புத்தகத்தில் அது வளைந்து வளைந்து போகும் அழகான கோடு. இப்படிக் கறுப்பு மூடி போட்டுக்கொண்டு வந்தால் கழுதைக்கு எப்படித் தெரியும்?

கையை நீட்டினேன். பொன்மணி அப்பாவைப் பார்த்தாள். கண் மூடியே இருந்தது. ப்ளக்கை என் உள்ளங்கையில் வைத்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள்கள் குலுங்கின.

ஏறினேன். ஒரு கையால் சரத்தைக் கட்டினேன். மறு கையால் ப்ளக்கைச் சொருகினேன். மாமா வந்து சாவியைத் திருப்பினார். திரையில் சிவப்பெல்லாம் அணைந்தது. துதிக்கை எழுந்து, மழையைக் கிழித்து, ஒரு வாய் மண்ணை அள்ளியது. மேனேஜர் குடையைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தார்.

"இப்ப என்ன சொல்லுதிய?" என்றார் மாமா.

ப்ளக் என்று சொன்னால், பிடுங்கியவன் யார் என்று கேட்பார். பழம் என்று சொன்னால், படித்த படிப்பு குழிக்குள் போகும்.

"பழம்தான் மாமா" என்றேன்.

ஆவணியில் கல்யாணம். 'மாப்ள கை ராசியான கை, பழத்தக் கட்டுனதும் செத்த மிஷின் எந்திச்சிட்டு' என்று மாமா தாராவி முழுக்கப் பரப்பிவிட்டார். இன்றும் யாருடைய க்ரேன் நின்றாலும், லிஃப்ட் மாட்டிக்கொண்டாலும் எனக்குத்தான் போன். "லேப்டாப்லாம் வேண்டாம்ணே, ஒரு பழத்த மட்டும் கட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். எலுமிச்சம்பழத்துக்கு அடியில் மல்ட்டிமீட்டரை ஒளித்து எடுத்துக்கொண்டு, கட்டுகிற சாக்கில் ஒயரைப் பார்த்துவிட்டு வருகிறேன். பெயரெல்லாம் பழத்துக்கு.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நேற்று ராசிக்கல் மோதிரம் போட்டுக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சாப்பிடும்போது ஆரம்பித்தேன். பொன்மணி தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"மொதல்ல சட்டப் பையப் பாருங்க."

"ஹாங் பப்பா, ஜேப் செக் கரோ" என்று மகளும் அதையே இந்தியில் சொன்னாள்.

ஒன்றும் இருக்காது என்று தெரியும். ஆனாலும் சோற்றுக் கையைப் பார்த்துவிட்டு, இடது கையால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன்.