கரண்டியை வாயில் வைத்த கதாநாயகன்

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் சுகம். படியேறும்போது முழங்கால் மட்டும் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் தேவகிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. “அண்ணி போய் நாலு வருஷமாச்சுண்ணா. சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, இதப் படிங்க” என்று சபை நூலகத்திலிருந்து ஒரு கிறிஸ்தவக் காதல் நாவலை எடுத்து என் கையில் திணித்துவிட்டு ரயிலேறினாய் அல்லவா, அதனால் வந்த வினைதான் இந்தக் கடிதம். தகப்பன் விட்டுப்போன உணவகத்தை நடத்தத் திணறும் ஒரு பெண், அங்கே வேலைக்கு வரும் விசுவாசமில்லாத சமையல்காரன், சண்டை, ஜெபம், காதல். கதை நல்ல கதைதான். ஆனால் முப்பத்தொரு வருடம் உணவகங்களில் சுகாதார ஆய்வாளராக இருந்தவனிடம் அதைக் கொடுக்கலாமா? பதினான்காம் பக்கத்தில் அந்தப் பெண் சூப் பானைமேல் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். முப்பத்தொன்றில் கதாநாயகன் கரண்டியை வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு அதே கரண்டியால் கிண்டுகிறான். எண்பத்தெட்டில் இருவரும் அடுப்பை எரியவிட்டுவிட்டு முழங்காலில் நின்றவர்கள், பதினொரு பக்கம் கழித்துத்தான் எழுந்திருக்கிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் குற்றங்களை எழுதிக்கொண்டே போனேன். அது சபையாரின் புத்தகம் என்பது திருப்பிக் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து, ஆராதனை முடிந்ததும் நூலகத்து அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஐயா, இந்தச் செவப்பு மை நீங்கதானா?”

“தெரியாம எழுதிட்டேம்மா. புதுப் புத்தகம் வாங்கிக் குடுத்துடறேன்.”

“ஐயையோ, வேணாம்! உங்க குறிப்பப் படிக்கத்தான் பெண்கள் ஐக்கியமே வரிசையில நிக்குது. ஒருத்தங்க பதிலே எழுதியிருக்காங்க, பாருங்க.”

பார்த்தேன். நீல மையில், உருண்டை எழுத்து. முப்பத்தொன்றாம் பக்கத்தில், “ஐயா, அவன் ருசி பார்த்தது வேறு கரண்டி. முந்தைய பக்கத்தை ஒழுங்காகப் படிக்கவும்” என்று இருந்தது. புரட்டினேன், உண்மைதான். என் அறிக்கையில் அதுவரை ஒருவரும் தப்புக் கண்டுபிடித்ததில்லை. எண்பத்தெட்டில், “யாருமே அடுப்பைப் பார்க்கவில்லை என்கிறீர்கள். கர்த்தர் பார்த்துக்கொண்டிருந்தார்” என்று எழுதியிருந்தது. அங்கேயே நின்றபடி அதன் கீழே, “கர்த்தர் அடுப்பை அணைப்பார் என்று விதிமுறையில் இல்லை” என்று எழுதிவிட்டு இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் கதாநாயகன் குளிர் அறையில் வைத்துத் தன் காதலைச் சொல்கிறான், கதவு திறந்தே கிடக்கிறது. இறைச்சியெல்லாம் கெட்டுவிடும் என்று எழுதித் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரம் மறுபடி வாங்கி வந்தேன். “கதவைச் சாத்தியிருந்தால் சபையார் சும்மா இருப்பார்களா?” என்று பதில் வந்தது. தங்கச்சி, நான் வீட்டில் தனியாக இருந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன். எனக்கே யாரோ சிரித்தது போலிருந்தது.

கடைசிப் பக்கத்தில், “கதையில் வரும் சமையலறையையே இந்தப் பாடு படுத்துகிறீர்களே, என்னுடையதையும் வந்து பாருங்கள்” என்று ஒரு சாப்பாட்டுக் கடையின் முகவரி இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போனேன். கதவைத் திறந்த பெண்மணியைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிடலாமா என்று தோன்றியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், குளிர்பெட்டி சரியில்லை என்று நான் மூன்று நாள் சீல் வைத்த கடை அது. அவர்தான் முதலாளி, அவரேதான் சமையலும்.

“நான்தான்னு தெரிஞ்சேவா எழுதினீங்க?”

“உங்க ‘ழ’வ மறக்க முடியுமா? மூணு நாள் என் கதவுல ஒட்டியிருந்துச்சே.”

“கோபம் இல்லையா?”

“இருந்துச்சு. மூணு நாளும் உங்களத் திட்டித்தான் ஜெபம் பண்ணேன். நாலாவது நாள் புதுப் பெட்டி வந்துச்சு. உள்ள வாங்க, பாருங்க.”

பார்த்தேன். தலையில் வலை, இறைச்சிக்குத் தனிப் பலகை, சுவரில் வெப்பமானி. ஒரு குறை இல்லை. அப்புறம், “வீட்டுல என்ன சாப்பிடுறீங்க?” என்றார். “ரொட்டி” என்றேன். “ராத்திரிக்கு?” “அதே ரொட்டிதான்.” அவர் ஒரு தட்டில் சூடாகப் பரிமாறி என் முன்னால் வைத்தார். நாலு வருடமாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இதை வைத்து நீ பாட்டுக்குக் கற்பனை பண்ணிக்கொள்ளாதே. வாரத்தில் நாலு நாள் அங்கே சாப்பிடுகிறேன், அது உண்மை. நாங்கள் பேசுவதெல்லாம் வெப்பநிலையும் புத்தகமும்தான். அறுபத்துநாலு வயதில் கல்யாணம் காட்சியெல்லாம் நாவலில்தான் நடக்கும். ஆகவே இனிமேல் இந்த மாதிரிப் புத்தகங்களை எனக்கோ என் வயதில் வேறு யாருக்குமோ கொடுக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளைக் கர்த்தர் கண்மணி போல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: போன ஞாயிறு ஆராதனையில் போதகர் எங்கள் கல்யாண அறிவிப்பை முதல் தடவை வாசித்துவிட்டார். உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேலே என்னென்னவோ எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் சொல்லலாமாம். காலமெல்லாம் ஆட்சேபணை எழுதியே பிழைத்தவன் நான், என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னிடம் இருந்தால் கடிதத்தில் எழுதாதே. நேரில் வந்து சொல்.