எலுமிச்சம்பழத்துக்கு வந்த தோஷம்

போடியில் தோஷம் பார்க்க இனி ஜாதகம் வேண்டாம், கிளி வேண்டாம். மின்னொளிச் சித்தர் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், காலியாகக் கிடந்த ஏலக்காய்க் கோடவுனில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து நீளும் இரண்டு பித்தளைக் குழாய்களைக் கல்யாணப் பெண் பிடித்தால் போதும். பச்சை விளக்கு என்றால் மகாலட்சுமி. சிவப்பு என்றால் தோஷம். தெய்வமே கரண்டில் வந்து பேசும்போது மனிதன் குறுக்கே பேசலாமா? ஊரே வரிசையில் நின்றது.

ராசிங்காபுரத்திலிருந்து வறண்ட காற்றில் வந்த பெண்களுக்குப் பெரும்பாலும் பச்சை. குரங்கணிச் சாரலில் நனைந்தபடி ஜீப்பிலிருந்து இறங்கியவர்களுக்கெல்லாம் சிவப்பு. மலையில் ஏதோ குற்றம் என்று சித்தர் கண்டுபிடித்தார். சிவப்பு எரிந்த கைகளில் அவரே விபூதியை அள்ளித் தேய்தேய் என்று தேய்ப்பார். காணிக்கை விழும். மறுபடி பிடித்தால் பச்சை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பாண்டீஸ்வரி தன் மகன் செழியனுக்குப் பார்த்திருந்த சுசித்ராவை அங்கே அழைத்து வந்தாள், மகனையும் கூட்டிக்கொண்டு. நிச்சயதார்த்தம் நெருங்கியிருந்தது. சுசித்ராவுக்குச் செழியனைப் பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் மறுக்காமல் வந்தாள். அதனால்தான் உள்ளங்கையும் வேர்த்தது. குழாயைப் பிடித்ததும் சிவப்பு எரிந்தது.

“கடுந்தோஷம் தாயி. விபூதிக்கு அடங்காது. பெரிய யாகம் பண்ணணும். இல்லாட்டி இவ கால் வச்சதும் ஒங்க ஏலச்செடி பூராம் காஞ்சு போகும்” என்றார் சித்தர்.

பாண்டீஸ்வரியின் முகம் வெளுத்தது. “இந்தச் சம்பந்தம் வேணாம்ப்பு. வெரசா கெளம்பு” என்றாள் மகனிடம். செழியன் பெட்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், சுசித்ராவை மட்டும் பார்க்கவில்லை.

சுசித்ராவுக்கு அழுகை வந்தது. குழாய்களைக் கீழே வைத்தாள். உடனே பச்சை எரிந்தது. யாரும் தொடவில்லை. காற்றுக்கு எவ்வளவு சுத்தமான ஜாதகம் பாருங்கள். வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

சுசித்ரா தேனியில் எலக்ட்ரானிக்ஸ் அடிப்படை கற்றுக்கொண்டிருந்தாள். போன வாரப் பாடம் கம்பேரேட்டர். இரண்டு மின்னழுத்தங்களை வாங்கி, எது அதிகம் என்று மட்டும் சொல்லும் சில்லு அது. பூந்தொட்டி மண்ணில் ஈரம் இருந்தால் எரியும் விளக்கு ஒன்றை அவளே செய்திருந்தாள், முதலில் ஒரு சில்லைக் கருக்கிய பிறகு.

சித்தரின் தட்டில் நறுக்கிவைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் இரண்டு குழாய்களையும் அழுத்தினாள். சிவப்பு.

“சாமி, இதையும் யாரும் கட்டிக்கிற மாட்டாகளா?”

கூட்டத்தில் சிரிப்பு. சித்தர் அசரவில்லை. “அதுலதான் ஆத்தா எல்லாரு தோஷத்தையும் எறக்கி வச்சிருக்கேன்.”

“சரி, எங்க அத்தையைப் பாருங்க.”

பாண்டீஸ்வரி பிடித்தாள். பச்சை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. சுசித்ரா சித்தரின் சொம்புத் தீர்த்தத்தை அவள் கையில் ஊற்றி, மறுபடி பிடிக்கச் சொன்னாள். சிவப்பு.

“பேரன் பேத்தி எடுத்தவ நான். எனக்கென்னய்யா தோஷம்?” என்றாள் பாண்டீஸ்வரி. சித்தர் சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் தீர்த்தத்துக்கே தோஷம் என்று சொல்ல முடியுமா?

“ஈரம் அத்தே. ஈரக் கையில கரண்டு லேசா ஓடும். உள்ள இருக்கிறது தராசு மாதிரி. ஒரு தட்டுல நம்ம கை, இன்னொரு தட்டுல இவரு வச்ச கல்லு. கை மிஞ்சினா செவப்பு. விபூதி ஈரத்தை உறிஞ்சிட்டா பச்சை.” மேசைக்கடியில் குனிந்தாள். “கல்லைக் கூட்டிக் கொறைக்கிற திருகு இந்தா இருக்கு.” கல்லைக் குறைக்கும் பக்கமாகத் திருகினாள். “இப்ப நீங்க பிடிங்க சாமி.”

சாமிக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தில் அவசரச் சோலி இருப்பது அப்போதுதான் ஞானத்தில் தெரிந்தது. கூட்டம் விடவில்லை. பிடித்தார். சிவப்பு. வேர்த்துக் கொட்டியதில் விபூதிப் பட்டை கரைய, திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டுகிற வெள்ளைத்துரை வெளியே வந்தார்.

பாண்டீஸ்வரி சுசித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தப்பா நெனைக்காத ஆத்தா. நிச்சயத்தை இந்த வாரமே வச்சுக்கிருவோம்.”

“ஒப்பிடணும்னா ரெண்டு பக்கமும் பாக்கணும் அத்தே. என் கையை மட்டுந்தான் எல்லாரும் பாத்தீக. வாயே தெறக்காத ஒங்க மகனை நான் இனிமேத்தான் பாக்கணும்.”

செழியன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

உள்ளங்கை வேர்ப்பது குற்றமில்லை, அன்பர்களே. மூளை ஒருநாளும் வேர்க்காமல் இருப்பதுதான் தோஷம்.