பத்துக்கு எத்தனை?

நோயைச் சொல்ல வெட்கப்பட்டவள் இல்லை நான். எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. (சிகிச்சை முடிந்ததும் 'பொழச்சிக்கினா' என்று தெருவே கொண்டாடிவிட்டது. அதற்கப்புறம் அழுதால் நன்றாகவா இருக்கும்?) இடுப்பு பிடித்தாலும் அது திரும்ப வந்துவிட்டதோ என்று நடுங்குவேன். டாக்டர்தான் வீடியோ காலில் கவுன்சலிங்குக்கு ஏற்பாடு செய்தார்.

செஞ்சியில் எங்கள் வீடு கோட்டை மலையை ஒட்டி இருக்கிறது. சிக்னல் முன்னறையில் மட்டும்தான் கிடைக்கும். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். என் கணவரின் அக்கா, அனந்தபுரத்து அண்ணி, அதைத் திறந்துகொண்டு பிரட்டும் சாத்துக்குடியுமாக வந்தார். உடம்பு முடியாதவளைப் பார்க்க வந்தவரை, வெளியே இருங்கள் என்று எங்கள் பக்கம் எவளாவது சொல்லுவாளா? போன் திரையில் தெரிந்த கவுன்சலர் பெண்ணும் என்னைப் பார்க்க வந்தவள்தான் என்று முடிவுகட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாப்டியாம்மா?" என்றார் கவுன்சலரிடம்.

அந்தப் பெண் திகைத்து, "சாப்பிட்டேன்மா. நீங்க இப்போ எப்படி உணர்றீங்க?" என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் உணர்வதில்லை. தலை வலிக்கும், டென்ஷன் ஆகும், அவ்வளவுதான். கேள்வி எனக்கா அண்ணிக்கா என்றும் புரியவில்லை. நான் விழிப்பதற்குள், "அவளுக்கு இன்னா கொற? நல்லாத்தான் இருக்குறா" என்று அண்ணியே பதில் சொன்னார். தூக்கம்? "படுத்தா கொறட்டதான்." பசி? "நேத்துகூட நாலு தோச சாப்ட்டா." (நேற்று அவர் அனந்தபுரத்தில் இருந்தார்.)

"சரி, கவலைக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?"

அண்ணி என் தோளைத் தட்டினார். "பத்துக்குப் பத்து போடு கண்ணு. தங்கமான பொண்ணு."

"பத்தா? இப்ப அவங்களத் தனியா விடாதீங்க!" என்று கவுன்சலர் பதறிவிட்டாள்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கத்தினேன். "அண்ணி! பத்துன்னா தாங்கவே முடியலன்னு அர்த்தம்! எனக்கு ஏழு! திரும்ப வந்துடுமோன்னு தெனமும் பயந்து சாவுறேன்!"

சொல்லிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

அண்ணி மடியிலிருந்த சாத்துக்குடியைக் கீழே வைத்தார். பிறகு போன் பக்கம் நகர்ந்து, "அப்ப எனக்கு எட்டு போடும்மா. இவளுக்கு ஆபரேஷன் ஆனதுலருந்து எனக்குத் தூக்கமே கெடயாது" என்று ஓவென்று அழுதார். மீதி நேரம் முழுக்க அந்தப் பெண் அவரைத்தான் தேற்றினாள். நான் எழுந்து காபி போடப் போனேன். நோய் எனக்கு, மார்க் அவருக்கு! இது என்ன நியாயம் என்று இன்றுவரை புரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் முகம் வாடினாலும் 'எத்தன?' என்றுதான் கேலி. அண்ணி காலையில் போன் செய்து, "எத்தனடி?" என்பார். "மூணு" என்றால், "நான் ரெண்டு, ஃபெயிலு" என்று சிரிப்பார். செக்கப்புக்கு முந்தின நாள் மட்டும் நான் ஒன்பது என்பேன். மறுபேச்சில்லாமல் போனை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவார். "எனக்கும் ஒம்போதுதான், நவுரு" என்று பக்கத்தில் படுத்துக்கொள்வார்.