விசேஷம் இல்லாத சேலை

“மேனேஜர் எப்பம்மா வருவாரு?” என்று கேட்டார் திருவாதவூரிலிருந்து வந்திருந்த விவசாயி. மேனேஜரின் நாற்காலியில் அமர்ந்திருந்த மேனேஜரிடமே கேட்டார்.

“நான்தாங்க மேனேஜர்,” என்றாள் பாண்டீஸ்வரி.

அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். “சரி தாயி. அவரு வந்ததும் சொல்லு. வெளிய நிக்கிறேன்.”

விதை நிறுவனம் ஒன்றின் சிம்மக்கல் கிளைக்கு அவள் மேலாளராகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அறைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருவர் தேநீர் கேட்டார். வெளிறிய சாம்பல், வெளிறிய பழுப்பு, இன்னும் கொஞ்சம் வெளிறிய பழுப்பு என்று அவளுடைய சேலைகள் யாவும் அவளைச் சுவரின் பகுதியாக்கும் நோக்கத்தோடு நெய்யப்பட்டவை போலிருந்தன.

வெள்ளிக்கிழமை மண்டல மேலாளர் பட்டாபிராமன் முதன்முறையாக வருகிறார். பதவி அவளுக்கே நிலைக்குமா, கோவையிலிருந்து வேறொருவர் வருவாரா என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவரும் அவளைப் பார்த்து “மேனேஜர் எங்கேம்மா?” என்று கேட்டுவிட்டால், முடிவு என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஸ்டைலிஸ்ட் ஒருத்தியை வீட்டுக்கு வரவழைத்தாள். யாருக்கு எந்த உடை எடுப்பாக இருக்கும் என்று சொல்வது பிரியம்வதாவின் தொழில். பீரோவைத் திறந்தவள் சேலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“மேடம், இதெல்லாம் நீங்க எடுத்த சேலையா, உங்களுக்கு வந்த சேலையா?”

“வந்ததுதாம்மா. சீர்ல வந்தது, விசேஷ வீட்ல வச்சுக் குடுத்தது…”

“நீங்களே பிடிச்சு வாங்குனது?”

பாண்டீஸ்வரி நாற்பத்து நான்கு ஆண்டுகளை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். “ஒரு குடை இருக்கு,” என்றாள்.

மாலைக்குள் மூன்று சேலைகள் வாங்கினார்கள். கண்ணாடியில் தெரிந்த பெண்ணைப் பார்த்தபோது, அவளிடம் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள் என்று பாண்டீஸ்வரிக்கே தோன்றியது.

திங்கட்கிழமை மயில்நீலச் சேலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். பில் போடும் தமிழ்ச்செல்வி எழுந்தே நின்றுவிட்டாள்.

“மேடம்! என்ன விசேஷம்?”

“ஒன்னும் இல்லையே.”

“எங்ககிட்ட மறைக்கிறீங்க பாத்தீங்களா?”

“இல்லம்மா, சும்மாதான் கட்டுனேன்.”

மதுரையில் எவரும் நல்ல சேலையைச் சும்மா கட்டுவதில்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் ஆகிய நான்கினுள் ஒன்று இருந்தாக வேண்டும். நான்கும் இல்லையென்றால் நிலைமை விபரீதமானது என்று பொருள். பத்தரை மணிக்கு அட்டெண்டர் கருப்பு தேநீரை வைத்துவிட்டுக் குனிந்தார்.

“வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போறீங்களாம்ல மேடம்? விக்கிறதுக்குச் சுத்துற நம்ம கிரீஷ் தம்பிதான் சொல்லுச்சு. போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

இந்தச் செய்தி வெள்ளிக்கிழமைக்குள் பட்டாபிராமன் காதுக்கு எட்டினால் கோவைக்காரர் அன்றே பெட்டி கட்டிவிடுவார்.

“ஐயையோ, அதெல்லாம் இல்ல கருப்பு. இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள்.”

பதினொரு மணிக்குக் கேக் வந்தது. கூம்புத் தொப்பி வந்தது. பகலுக்குக் கறிதோசை மேடத்தின் செலவில் வந்தது.

செவ்வாய்க்கிழமை செங்கல் நிறச் சேலை.

“நேத்துப் பிறந்தநாள், சரி,” என்றான் கிரீஷ். “இன்னைக்கு?”

“கல்யாண நாள்.” முதல் பொய்க்குத் தேவைப்பட்ட சிரமம் இரண்டாவதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் தமிழ்ச்செல்வி சுறுசுறுப்பானவள். மாட்டுத்தாவணியில் டயர் கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரியின் கணவன் அழகுபாண்டியை உடனே தொலைபேசியில் பிடித்து, “அண்ணே, கல்யாண நாள் வாழ்த்துகள்!” என்றாள். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் தேதியை நினைவில் வைத்திராத அழகுபாண்டி, அது இன்றைக்கு இல்லை என்று மறுக்கும் நிலையில் இல்லை. மாலையில் இரண்டு கிலோ மல்லிகைப்பூவோடு வீட்டுக்கு வந்தான்.

“மறந்துருவேன்னு நெனச்சேல்ல ஈஸ்வரி?”

“இம்புட்டுப் பூவை என்னங்க செய்ய?”

“வை, வை. உங்க அக்கா வீட்டு ஆளுகளையும் என் தம்பி வீட்டு ஆளுகளையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். ஏழு மணிக்கு வந்துருவாக.”

பதினான்கு பேருக்குச் சமைத்து முடித்தவள், மறுநாள் பழைய சாம்பல் நிறச் சேலைக்கே திரும்பினாள். வம்பு அதோடு ஒழியும் என்பது அவள் கணக்கு.

புதன்கிழமை அலுவலகம் என்னவோ பளிச்சென்றிருந்தது. கிரீஷ் புதுச்சட்டை போட்டிருந்தான். தமிழ்ச்செல்வியின் தலையில் கனகாம்பரம் இருந்தது. பாண்டீஸ்வரியின் சேலையைப் பார்த்ததும் எல்லா முகங்களும் ஒரே சமயத்தில் வாடின. தமிழ்ச்செல்வி வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

“எப்ப மேடம் தகவல் வந்துச்சு?”

“என்ன தகவல்?”

“எடுக்குறது எத்தன மணிக்கு மேடம்?” என்றார் கருப்பு. “மாலை வாங்கணும்ல.”

“வேன் சொல்லிட்டேன் மேடம்,” என்றான் கிரீஷ். “எல்லாரும் வாரோம்.”

“யாரும் சாகலய்யா!” என்று பாண்டீஸ்வரி கூவினாள். “எல்லாரும் நல்லா இருக்காங்க. விசேஷம் வெள்ளிக்கிழமைதான், போதுமா?”

மண்டல மேலாளரின் வருகையைத்தான் அவள் குறிப்பிட்டாள். கேட்டவர்களோ, விசேஷம் என்ற சொல்லைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்தில் தலைகாட்டாமல் மேலூர்ப் பக்கம் வயல் பார்க்கப் போனவள், வரப்பில் நின்றபடி பிரியம்வதாவை அழைத்தாள்.

“நீ சொன்ன மாதிரிதாம்மா கட்டுனேன். மூணு நாள்ல ஒரு பிறந்தநாள், ஒரு கல்யாண நாள், ஒரு சாவு ஆகிப்போச்சு.”

மறுமுனை சிரித்து ஓயக் காத்திருந்தாள்.

“சேலையில தப்பில்ல மேடம். பிடிச்சதைக் கட்டிட்டு, அதுக்கு ஊரெல்லாம் மன்னிப்புக் கேக்குறீங்க. காலையில ஒரு தடவை சரியாக் கட்டுங்க. அப்புறம் மடிப்பைத் தொடாதீங்க, முந்தானையை இழுக்காதீங்க. யாராவது கேட்டா, பிடிச்சுது, கட்டுனேன்னு சொல்லுங்க.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். அதுக்குத்தான் ரொம்பப் பேருக்குத் தைரியம் வரமாட்டேங்குது.”

வெள்ளிக்கிழமை கரும்பச்சைச் சேலையை ஒருமுறை சரியாகக் கட்டிக்கொண்டு கிளம்பியவள், அலுவலக வாசலிலேயே நின்றுவிட்டாள். செம்மண் பட்டையிட்ட கோலம். மேசைமேல் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. தமிழ்ச்செல்வி அரக்குப் பட்டில் இருந்தாள். கிரீஷ் பட்டு ஜிப்பாவில் இருந்தான். கருப்பு, சரிகை வேட்டியும் சந்தன நிறச் சட்டையுமாக முறுக்கிய மீசையோடு நின்றார். பன்னிரண்டு ஊழியர்களும் கல்யாண வீட்டார். எளிய பருத்திச் சேலையில் இருந்தவள் அவள் ஒருத்திதான். இந்தக் கூட்டத்தில் மேலாளரை எவரால் கண்டுபிடிக்க முடியும்?

எதையும் மாற்ற நேரமில்லை. பட்டாபிராமன் காரிலிருந்து இறங்கிவிட்டார். கருப்பு அவர்மேல் பன்னீர் தெளித்தார்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடத்தை நிதானமாகப் பார்த்தார். கிரீஷ் கழுத்துப் பட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். தமிழ்ச்செல்வி கனத்த முந்தானையை நான்காம் முறையாகத் தோளில் ஏற்றினாள். கருப்பு இடுப்பில் வேட்டியைப் பிடித்தபடியே நின்றார். எதையும் தொடாமல், கைகளைக் கோத்து நிமிர்ந்து நின்றவள் ஒருத்தி. பட்டாபிராமன் நேராக அவளிடம் போனார்.

“மேனேஜர் நீங்கதானே?”

“ஆமா சார்.” ஐந்து மாதங்களில் முதன்முறையாகக் கேள்வி திருத்தமாக வந்திருந்தது.

“இங்க என்ன விசேஷம்?”

பன்னிரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். சீமந்தம், புதுமனை, பதவி உயர்வு என்று மூன்று பொய்கள் நாக்கின் நுனிவரை வந்து வரிசையில் நின்றன.

“ஒன்னும் இல்ல சார்,” என்றாள். “இந்தச் சேலை பிடிச்சுது, கட்டிக்கிட்டு வந்தேன். இவங்களும் அப்படித்தான்.”

பட்டாபிராமன் சிறிது யோசித்துவிட்டு, ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் கோப்புகளையும் கிடங்கையும் பார்த்தார். கிளம்பும்போது, “கோயம்புத்தூர்லேர்ந்து யாரும் வர வேண்டியதில்லை. ஆர்டர் உங்க பேருக்கே அனுப்பச் சொல்றேன்,” என்றார்.

கார் மறைந்ததும் பாண்டீஸ்வரி எல்லோரையும் அழைத்தாள். வெற்றி பெற்ற அந்த நிமிடத்தில் மனச்சாட்சி மட்டும் உறுத்தியது.

“எல்லாரும் என்னை மன்னிக்கணும். பிறந்தநாளும் பொய், கல்யாண நாளும் பொய். ஒரு விசேஷமும் கிடையாது.”

ஒருவர் முகத்திலும் வியப்பைக் காணோம். கருப்பு சந்தனக் கிண்ணத்தை மூடிக்கொண்டே சொன்னார்:

“பிறந்தநாள் லிஸ்ட்டைப் போர்டுல ஒட்டுறதே நான்தான மேடம், உங்களுக்கு டிசம்பர்னு அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும், பீரோவுல கெடக்குற நல்ல துணிய எடுத்துப் போட எங்களுக்கும் ஒரு சாக்கு வேணும்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தோம், அதனால திங்கக்கெழம என்ன விசேஷம்னு மட்டும் இப்பவே சொல்லிருங்க, சட்டையத் தேய்க்கக் குடுக்கணும்.”