மூன்று வாத்துச் சத்திரத்தின் நாற்பத்தொன்றாம் பொருள்

எங்கள் ஆஷ்பரோ ஊரில் வீட்டுக் கதவுக்குப் புதிதாக வண்ணம் அடிக்க வேண்டுமென்றால் மரபுக் குழுவிடம் மனுப் போட வேண்டும். குழு வந்து இருக்கும் வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்கும். அதற்கு அடியில் உள்ளதையும் சுரண்டிப் பார்க்கும். ஏழு மாதம் கழித்துப் பதில் வரும். பதில் பெரும்பாலும் "சாம்பல்" என்றிருக்கும். இதில் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. மரபு என்றால் சும்மாவா?

அந்தக் குழுதான் சென்ற வசந்தத்தில் மூன்று வாத்துச் சத்திரத்தைக் காப்பாற்றியது. 1768இல், இங்கிலாந்து அரசர் எங்களை ஆண்ட காலத்தில் கட்டிய மதுச்சத்திரம் அது. அன்றுமுதல் ஒரு நாள்கூட மூடியதில்லை. இத்தகைய அரிய இடம் என்றென்றும் நிலைத்திருக்க வேண்டுமெனக் குழு ஒருமனதாகத் தீர்மானித்து, மறுநாளே அதை மூடியது.

சத்திரம் அருங்காட்சியகம் ஆயிற்று. மேசைகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். தட்டில் பிசினால் வார்த்த ஆட்டுக்கால் வைத்தார்கள். திறப்பு நாளன்று மாலை நான்கு மணிக்கு ஓரின் பெல்கி வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடமாக அவர் நான்கு மணிக்குத்தான் வருவார். கணப்படுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கோப்பை ஆப்பிள் சைடர் குடிப்பார். யார் கிடைத்தாலும் பேசிக்கொண்டிருப்பார். அன்றும் கயிற்றைத் தூக்கி, அதனடியில் நுழைந்து போய் உட்கார்ந்தார்.

குழுத் தலைவி கான்ஸ்டன்ஸ் விட்லோ ஓடி வந்தார்.

"ஓரின், எந்திரிங்க. பார்வையாளர் உட்காரக் கூடாது."

"நான் எதையும் பார்க்க வரல கான்ஸ்டன்ஸ். சைடர் குடிக்க வந்தேன்."

"இங்க யாரும் குடிக்கக் கூடாது. இது சத்திரம்."

"அதனாலதானே வந்தேன்!"

கான்ஸ்டன்ஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கயித்துக்கு உள்ளே ரெண்டே வகைதான் இருக்கலாம். ஒண்ணு ஊழியர், இல்லாட்டி காட்சிப்பொருள்."

"காட்சிப்பொருள் உட்காரலாமா?"

"தாராளமா. எந்திரிக்கத்தான் கூடாது."

"அப்ப என்னை அதுலயே எழுதிக்கிடுங்க" என்று சிரித்தார் ஓரின்.

அலுவல் நேரத்தில் கான்ஸ்டன்ஸ் சிரித்ததாக வரலாறு இல்லை. உடனே படிவம் வந்தது. பொருள் எண் நாற்பத்தொன்று. பெயர்: வாடிக்கையாளர், ஆண். நிலை: பொதுவாக நன்று, இடது முழங்காலில் சத்தம், உச்சியில் பூச்சு உதிர்ந்துள்ளது. பெஞ்சு போகாமல் இருந்தால் போதும் என்று ஓரின் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவர் முன்னால் கோப்பை இருந்தது. ஆவலோடு தூக்கி வாயில் வைத்தார். டக் என்று பிசின் பல்லில் இடித்தது.

"என்ன கான்ஸ்டன்ஸ் இது?"

"சைடர்."

"குடிக்கிற சைடர் எங்க?"

"குடிச்சா தீந்துபோயிடும் ஓரின். இது இருநூறு வருஷம் இருக்கும்."

குளிர்காலத்தில் பாஸ்டனிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். "ஊர்க்காரர்கள் இந்தக் கணப்படுப்பின் அருகில் அமர்ந்து வெளியூர்க்காரர்களோடு அளவளாவுவது வழக்கம்" என்று விளக்கினார் வெள்ளைக் குல்லாய் போட்ட வழிகாட்டி அம்மாள்.

"வாங்க வாங்க, வழியில பனி எப்படி?" என்றார் ஓரின்.

"பொருள்கள் பேசக் கூடாது!" என்று அதட்டினார் வழிகாட்டி.

தினமும் மாலை ஐந்து மணிக்கு ஓரினின் மனைவி லோர்னா வந்து இரவல் படிவத்தில் கையெழுத்திட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிப் போவார். காலை பத்து மணிக்கு, பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோர்னா அவருக்கு முடி வெட்டிவிட்டார். திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது: அனுமதியின்றிப் புனரமைப்பு.

ஓரின் அன்றே விலகல் கடிதம் கொடுத்தார். கான்ஸ்டன்ஸ் அதைக் கவனமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா பொருள் தானா விலக முடியாது. பொருள் ஊரோடது. ஊர்க்கூட்டம்தான் முடிவு பண்ணணும்."

மார்ச் மாத ஊர்க்கூட்டம் வழக்கம்போல் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. தேவாலயப் பெண்கள் டோநட் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். குப்பைக் கிடங்குக்கு வேலி போடுவதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினோம். அதன் பிறகு பதினான்காம் தீர்மானம் வந்தது: ஓரின் பெல்கியைப் பொருள் பட்டியலிலிருந்து நீக்குவது.

லோர்னா எழுந்தார். "அவருக்கு வேண்டியது ஒரு கோப்பை நிஜ சைடர். பேச ஒரு ஆள். அவ்வளவுதான். எனக்கு வீட்டுக்காரர் வேணும். கையெழுத்துப் போடாம வேணும்."

எங்கள் நெஞ்சு உருகிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து பேசினோம். "நான் ஆறாவது படிக்கையில அவர் பஸ்லதான் போனேன். அந்த மனுசன் இல்லாத சத்திரமா?" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓரின் இந்த ஊரோட உயிருங்க" என்றார் இன்னொருவர். இவ்வளவு அன்பைப் பெற்ற ஒருவரை எப்படி நீக்குவது? நீக்கக் கூடாது என்று இருநூற்று நான்கு கைகள் உயர்ந்தன. நீக்கலாம் என்று ஒரே ஒரு கை.

அந்தக் கையை இறக்காமலே லோர்னா கேட்டார்: "இவ்வளவு பாசம் வச்சிருக்கீங்களே, இந்தப் பத்து மாசத்துல அவரை ஒருத்தராவது போய்ப் பாத்தீங்களா?"

கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று கூட்டத் தலைவர் தீர்ப்பளித்தார். ஆனாலும் பதில் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே நுழைவு இலவசம். எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். அதனால் இன்னும் யாரும் போகவில்லை.